ஆறப்போடும் பெஞ்சு

வெயில் போதவில்லை. இதை வாய்விட்டுச் சொன்னால் வரிசையில் நிற்கிறவர்களே என்னை அடிப்பார்கள், சாத்தூர்ப் பக்கத்துச் சித்திரை வெயிலில் நின்றுகொண்டு போதவில்லை என்கிறாளே என்று. ஆனால் போதவில்லைதான், நெற்றி இன்னும் கொஞ்சம் காய வேண்டும். ஆஸ்பத்திரி வாசலில், கயிறு கட்டிய இடத்தில், நீல பிளாஸ்டிக் நாற்காலியில் அம்மா உட்கார்ந்திருக்கிறாள். கையில் அந்த வெள்ளைத் துப்பாக்கி. நெற்றிக்கு நேரே நீட்டி அமுக்கினால் காய்ச்சல் எவ்வளவு என்று காட்டும். எண் கூடுதலாக வந்தால் உள்ளே விடமாட்டார்கள், அம்மா பக்கத்தில் தகரக் கொட்டாய் நிழலில் கிடக்கிற மர பெஞ்சைக் கைகாட்டி "ஒக்காரு, ஆறட்டும்" என்பாள். வெயிலில் நடந்து வந்தவன் எல்லாருக்கும் சூடாகத்தானே காட்டும், அதனால் கொஞ்ச நேரம் நிழலில் வைத்திருந்து மறுபடியும் பார்ப்பது. ஆறினால் உள்ளே போகலாம். ஆறாவிட்டால் பின்பக்கம், மூக்கில் குச்சிவிட்டுச் சளி எடுக்கிற பந்தலுக்கு. டீயை ஆற்றுவது மாதிரி ஆளை ஆற்றுவது. ஊரே அதற்கு ஆறப்போடும் பெஞ்சு என்று பேர் வைத்துவிட்டது. அந்த பெஞ்சின் முனைக்கும் அம்மா நாற்காலிக்கும் நடுவில் ஒரு ஆள் படுக்கிற இடம்தான் இருக்கும். எனக்கு அந்த முனை வேண்டும். இன்சுலின் வாங்க வந்தேன் என்று கேட்டால் சொல்வேன், அதுவும் பொய் இல்லை, ஆனால் அதற்காக மட்டும் வரவில்லை. அம்மா சொன்னபடி ஈரத்துண்டைத் தலையில் போட்டுக்கொண்டுதான் வீட்டிலிருந்து வந்தேன். "துண்டு போட்டுக்கிட்டு வா, மண்டை சூடாச்சுன்னா பெஞ்சுல ஒக்கார வேண்டியதாயிரும், அதுல கண்டவனும் ஒக்காருறான்" என்று போனில் படித்துப் படித்துச் சொன்னாள். மருந்துகள் பேர் எழுதின போர்டு பக்கம் வந்ததும் எடுத்துப் பைக்குள் திணித்துவிட்டேன்.

தரையில் சுண்ணாம்பு வட்டம், வட்டத்துக்கு ஒரு ஆள். அதாவது வட்டத்துக்கு ஒரு ஜோடி செருப்பு. வரிசையில் நிற்பது செருப்புதான். ஆள் எல்லாம் வாகை மரத்தடியில். காலையில் வந்ததும் தன் வட்டத்தில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு மர நிழலுக்குப் போய்விடுவார்கள், முன்னால் ஒரு செருப்பு நகர்ந்தால் ஓடிவந்து தன் செருப்பையும் ஒரு வட்டம் தள்ளி வைத்துவிட்டு மறுபடி நிழலுக்கு. செருப்பெல்லாம் ஒன்றை ஒன்று தொடாமல் ஒழுங்காக நிற்கிறது. செருப்புக்காரர்கள் மரத்தடியில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு, மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கி, வெற்றிலையை மாற்றிக்கொண்டு இருக்கிறார்கள். சர்க்கரைக்காரன், பிரஷர்க்காரன், இருமல்காரன், பிள்ளைக்குத் தடுப்பூசி போட வந்தவள் எல்லாம் ஒரே குவியல். செருப்புக்கு ஒருநாளும் கொரோனா வராது. பாக்கியத்தாய் அத்தை அங்கிருந்தே கத்துகிறது, "ஏ மருமகளே, கிறுக்கு புடிச்சிருக்கா ஒனக்கு, செருப்பப் போட்டுட்டு நெழலுக்கு வா புள்ள, கருவாடாப் போயிருவ." சொந்த அத்தை இல்லை, எங்கள் தெரு, எல்லாரையும் மருமகளே என்றுதான் கூப்பிடும். "அம்மா நிழலுக்குப் போகக்கூடாதுன்னுருக்கு அத்தை" என்றேன். "ஒங்காத்தாளுக்கு என்ன, அவ கொட்டாய்க்குள்ள ஒக்காந்துருக்கா" என்றது. சிரிப்பு. நானும் சிரித்தேன். மரத்தடிக்குப் போகக்கூடாது என்று அம்மா சொன்னதை மட்டும் கேட்கிறேன், துண்டு போடு என்று சொன்னதைக் கேட்கவில்லை, இரண்டையும் எனக்கு வசதியாகத்தான் செய்கிறேன். வெயிலில் நிற்க நல்ல சாக்கு. அம்மா நிமிர்ந்தே பார்க்கவில்லை. முகத்துக்கு முன்னால் கண்ணாடித் தாள் மாட்டியிருக்கிறாள், அதில் வெயில் பட்டு வெள்ளையாக மின்னுகிறது, உள்ளே முகம் இருக்கிறதா என்றே தெரியவில்லை. அமுக்குகிறாள், போ என்கிறாள். அமுக்குகிறாள், போ. வந்ததிலிருந்து ஒரு தடவைகூட இந்தப் பக்கம் திரும்பவில்லை. யாரோ ஒரு ஆஸ்பத்திரிக்காரி மாதிரி.

எனக்கு ஆறாம் வகுப்பிலிருந்து சர்க்கரை. கிழவர்களுக்கு வருகிற சர்க்கரை இல்லை, பிள்ளைகளுக்கு வருவது, ஊசி இல்லாவிட்டால் கதை முடிந்தது. அதைப் பற்றி அழுவதற்கெல்லாம் எனக்கு நேரமில்லை, வயிற்றில் குத்திக்கொள்வேன், சாப்பிடுவேன், அவ்வளவுதான். பதினொன்றாம் வகுப்பு பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டேன், அதற்கும் சர்க்கரைக்கும் சம்பந்தமில்லை என்று எல்லாரிடமும் சொல்கிறேன், கொஞ்சம் இருக்கிறது. வகுப்பு நடுவில் கை நடுங்கும்போது மிட்டாயை வாயில் போட்டால் டீச்சர் எழுப்பி நிறுத்துவாள், பிறகு நோய் என்று தெரிந்ததும் எழுப்பாமல் பார்ப்பாள், அந்தப் பார்வைக்கு எழுப்பி நிறுத்துவதே மேல். சலித்துப்போய் விட்டேன். அம்மா அடிக்கவில்லை. அவள் இந்த ஆஸ்பத்திரியில் பெருக்கித் துடைக்கிற வேலை, ஒப்பந்தக்காரன் ஆள், கொரோனா வந்ததும் விளக்குமாற்றை வாங்கிவைத்துக்கொண்டு துப்பாக்கியைக் கொடுத்துவிட்டார்கள். அன்றைக்கு டாக்டரம்மா என்ன சொன்னாரோ, சாயங்காலம் வீட்டுக்கு வந்தவள் வாசலிலேயே நின்றாள். "கனி, ரெண்டு சேலையும் சீப்பும் எடுத்து அந்தப் பையில போடு. வெளிய வை. நீ உள்ள போ" என்றாள். எதுக்கும்மா என்றதற்கு, "ஒனக்கு வந்தா தாங்காதாம்" என்றாள். தாங்காதாம். அவ்வளவுதான் விளக்கம். அன்றிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் பின்னால் பூட்டிக்கிடந்த குவார்ட்டர்ஸில் நர்ஸக்காவோடு தங்கியிருக்கிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை தெரு முனைக்கு வந்தாள், கரண்ட் கம்பத்தைத் தாண்டவில்லை, நான் வாசலில், அவள் அங்கே, "சாப்ட்டியா" என்று கத்தினாள், "சாப்ட்டேன்" என்று கத்தினேன், தெருவே எங்கள் சாப்பாட்டைக் கேட்டது. அதற்குள் எதிர்வீட்டு மாடியிலிருந்து, "மாரீசு, ஆஸ்பத்திரியிலருந்து நேரா தெருவுக்குள்ள வராத தாயி, சின்னப் பிள்ளைக இருக்குக" என்று ஒரு குரல். என் அம்மா மாரீஸ்வரி யாருக்கும் பதில் சொல்லாமல் போகிறவள் இல்லை. அன்றைக்கு அப்படியே திரும்பி நடந்தாள். சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்களாம். அங்கே நிற்பதே ஒரு பிள்ளைக்காகத்தான். பிறகு வரவில்லை. இப்போது மாதத்துக்கு ஒரு தடவை, விரலில் குத்திப் பார்த்து மருந்து வாங்க நானே நேரில் வர வேண்டும் என்பதால், இந்த வரிசையில், இந்தத் துப்பாக்கி நீளத்தில்.

போன் இருக்கிறதே என்று அப்பா சொல்கிறார். போனில் குரல்தான் வரும். போனில் வாசனை வருமா. அம்மாமேல் எப்போதும் பினாயில் வாசனை அடிக்கும், எவ்வளவு குளித்தாலும் போகாது, விரல் இடுக்கில், முந்தானை ஓரத்தில். சின்னதில் அந்த வாசனை வந்தால்தான் எனக்குத் தூக்கம் வரும், அப்புறம் வளர்ந்து, தள்ளிப் படும்மா கக்கூஸ் மாதிரி அடிக்குது என்று சொல்கிற வயது வந்தது, அவளும் தள்ளித்தான் படுத்தாள். இப்போது நான் வீட்டைத் தினமும் பினாயில் ஊற்றித் துடைக்கிறேன். பட்டாசு கம்பெனியில் லோடு ஏற்றுகிற வேலை நின்றுபோய் அப்பாவும் வீட்டில்தான். "என்னத்தா, தரை தேஞ்சு போயிரும் போலருக்கே, கொரோனா கால் வழியாவா ஏறுது" என்கிறார். ரசம் என்று ஒன்று வைக்கிறார், புளித்தண்ணீரை யாரோ மிரட்டியது மாதிரி இருக்கும். நான் தரையைத் துடைத்துவிட்டு அது காய்வதற்குள் பக்கத்தில் படுத்துக்கொள்வேன். கொஞ்சம் சரியாக இருக்கும். அப்புறம் சரியாக இருக்காது, ஏனென்றால் பினாயில் மட்டும் அம்மா இல்லை, அதோடு வியர்வை வேண்டும், வாயில் கிராம்பு வேண்டும், காய்ச்சலா என்று பார்க்கிற புறங்கை வேண்டும். அம்மா ஒருநாளும் உள்ளங்கையால் காய்ச்சல் பார்க்கமாட்டாள். உள்ளங்கை வேலை செஞ்சு செத்துப்போச்சு, அதுக்கு ஒண்ணும் தெரியாது என்பாள். புறங்கையைக் கழுத்தில் வைப்பாள், நெற்றியில் இல்லை, கழுத்தில், காதுக்குக் கீழே. வைத்துவிட்டு உடனே எடுக்கமாட்டாள். யோசிப்பாள். அந்தக் கை யோசிக்கிற நேரம்தான் எனக்கு வேண்டும். துப்பாக்கி யோசிக்காது, பட்டென்று எண்ணைச் சொல்லிவிடும். ஒரு செருப்பு நகர்ந்தது. மரத்தடியிலிருந்து நாலைந்து பேர் ஓடிவந்து செருப்பைத் தள்ளிவிட்டு ஓடினார்கள். நானும் ஒரு வட்டம் முன்னால். இப்போது பெஞ்சு நன்றாகத் தெரிகிறது.

பெஞ்சில் ஒரு ஆள். நீலக் கைலி, கழுத்தில் துண்டு, லோடு ஆட்டோ ஓட்டுகிறவர், பார்த்திருக்கிறேன், பேர் தெரியாது. அம்மா பக்கத்து முனையில், நான் வேண்டும் என்கிற அதே முனையில் உட்கார்ந்திருக்கிறார். குனிந்து துண்டை வாயில் வைத்து இருமுகிறார். வெயிலுக்கு யாரும் அப்படி இருமமாட்டார்கள். அடியிலிருந்து வருகிற இருமல், காய்ந்த குடத்தைத் தரையில் இழுப்பது மாதிரி. இவர் ஆறப்போகிறவர் இல்லை, எனக்கே தெரிகிறது. ஆனாலும் இருக்கிறது ஒரு பெஞ்சுதான், நிழல் இருக்கிறது அங்கேதான், நிஜமாகக் காய்கிறவனும் வெயிலில் காய்ந்தவனும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துதான் ஆற வேண்டும். அம்மா இதைப் பற்றி மருந்து கொடுக்கிற வரதராசு சாரிடம் சண்டை போட்டாளாம், போனில் சொன்னாள். "சார், சூடு இல்லாதவனுக்கும் இந்த பெஞ்சுலதான் சார் ஒட்டும்" என்றாளாம். "நெழல் அங்கதானம்மா இருக்கு, நான் என்ன நெழலயா நட்டுவைக்க முடியும்" என்றாராம். நான் சிரித்தேன். இப்போது சிரிப்பு வரவில்லை. அந்த ஆள் எழுந்தால் அந்த இடத்தில் நான். அவர் உட்கார்ந்த சூட்டில். எழாவிட்டால் அவருக்குப் பக்கத்தில். பரவாயில்லையா. வந்தால் வந்துவிட்டுப் போகட்டும். இந்த நினைப்பு எனக்கு இன்றைக்குப் புதிதில்லை, ராத்திரி எல்லாம் அதுதான், வந்தால் வந்துவிட்டுப் போகட்டும், எனக்கு வந்துவிட்டால் அம்மா தள்ளி இருக்க வேண்டிய காரணமே போய்விடும், பைக்குள் சேலையையும் சீப்பையும் வைத்துக்கொண்டு ஓடி வருவாள், கழுத்தில் புறங்கையை வைப்பாள். அப்புறம் என்ன. அப்புறம் என்ன என்கிற இடத்தில் நினைப்பு முள்ளில் சேலை மாட்டின மாதிரி நின்றுவிடும். கீழத்தெரு சுந்தரவேல் அண்ணாச்சிக்கும் சர்க்கரைதான். நடந்துதான் போய் ஆம்புலன்ஸில் ஏறினார், ஏறும்போது கடைச்சாவியை மருமகனிடம் கொடுத்துவிட்டு, நாளைக்குத் திறந்துரு என்றார். திரும்பி வரும்போது பாலித்தீனில் சுற்றி வந்தார், வீட்டுக்குக்கூட வரவில்லை, நேரே சுடுகாட்டுக்கு. அவர் மனைவி முகத்தைத் திறக்கச் சொல்லிக் கேட்டாளாம். திறக்கவில்லை. அம்மா என் முகத்தைத் திறக்கச் சொல்லிக் கேட்பாள். திறக்கமாட்டார்கள். சரி, இருந்தாலும், வந்தால் வந்துவிட்டுப் போகட்டும். எல்லாருக்குமா அப்படி ஆகிறது. பாக்கியத்தாய் அத்தை பேரனுக்கு வந்து போனதே, முட்டை தின்று கன்னம் உப்பிவிட்டான். எனக்கும் வந்து போகட்டும். தாங்காதாம். யார் சொன்னது தாங்காது என்று. அம்மா அந்த இருமலிலிருந்து ஒரு ஆள் தூரத்தில் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறாளே, அவள் தாங்குவாளா, அதை எந்த டாக்டரம்மா சொன்னார்.

கை நடுங்குகிறது. காலையில் ஊசி போட்டுவிட்டு இரண்டு இட்லிதான் இறங்கியது, வெயில் வேறு. சர்க்கரை இறங்குகிறதா, இல்லை அம்மா கிட்டே வந்துவிட்டதாலா, இரண்டுக்கும் ஒரே நடுக்கம்தான், எது எது என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. பாவாடைப் பையில் தேன்மிட்டாய் இருக்கிறது. தின்ன மாஸ்க்கை இறக்க வேண்டும். முன்னும் பின்னும் செருப்புகள்தானே, செருப்பிடம் என்ன பயம். இறக்கி வாயில் போட்டேன். பாகு உள்ளே உடைந்ததும் காது கொஞ்சம் திறந்த மாதிரி இருந்தது. நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், புறங்கையால். எண்ணெய்ச்சட்டி. போதும். இனி போதும். முன்னால் இருந்த கடைசிச் செருப்புக்குச் சொந்தக்காரத் தாத்தா வந்து மாட்டிக்கொண்டார், அம்மா அமுக்கினாள், போ என்றாள். அடுத்து நான். கயிற்றுக்கு வெளியே நின்றேன். அம்மா எழுந்தாள். தொப்பிக்குள் முடி எல்லாம் போய், மாஸ்க்குக்குள் வாய் போய், கண்ணாடித் தாளுக்குப் பின்னால் இரண்டு கண் மட்டும், அதுவும் மூச்சுப் பனியில் மங்கி. பினாயில் வாசனை இல்லை. பிளீச்சிங் பவுடர். அம்மாவின் வாசனையைக்கூட மாற்றிவிட்டார்கள். துப்பாக்கியை நீட்டினாள். அமுக்கினாள். கிய்க் கிய்க் என்று கத்தியது, சூடானால்தான் அப்படிக் கத்தும். நான் பெஞ்சுப் பக்கம் ஒரு கால் எடுத்து வைத்துவிட்டேன், சொல்வதற்கு முன்னாலேயே. "எங்க போற" என்றாள். "பெஞ்சுக்கு." "நில்லு." நின்றேன். அந்த ஆள் இருமினார். அம்மா அவரைப் பார்த்தாள், பெஞ்சைப் பார்த்தாள், என் தலையைப் பார்த்தாள். "அங்க குழாய் இருக்குல்ல, வேலியோரம். போயி மூஞ்சிய நல்லாக் கழுவு. அங்கனயே தனியா நில்லு. நான் கூப்புடுவேன்" என்றாள்.

குழாய் அந்தக் கோடியில். வாசலிலிருந்து இன்னும் தூரம். இவ்வளவு நேரம் வெயிலில் காய்ந்து நான் சம்பாதித்தது அதுதான். மரத்தடியிலிருந்து பாக்கியத்தாய் அத்தை எழுந்தே வந்துவிட்டது, "ஏ மாரீசு, நல்லாருக்கே ஞாயம், ஊருக்கெல்லாம் பெஞ்சு, ஒம்மகளுக்கு மட்டும் குழாயா?" அம்மா, "ஆமா" என்றாள். அவள் மழுப்புவாள் என்று எல்லாரும் நினைத்திருப்பார்கள். "ஆமா மதினி. எம்மகளுக்குக் குழாய்தான். இனி எல்லாருக்கும் குழாய்தான்." அந்த லோடு ஆட்டோக்காரரிடம், "அண்ணே, நீங்க ஆறமாட்டீக. எந்திரிச்சுப் பின்னால பந்தலுக்குப் போங்க, நான் டாக்டர்கிட்ட சொல்லிக்கிடுதேன்" என்றாள். அவர் பெஞ்சைப் பிடித்து மெதுவாக எழுந்தார், சரிம்மா என்றார், நல்ல மனிதராகத்தான் இருந்தார், தெரியாமல் என் இடத்தில் உட்கார்ந்திருந்துவிட்டார். அவர் போனதும் அம்மா கையுறை மாட்டின கையால் பெஞ்சின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தாள். தரையில் கோடு விழ இழுத்துக்கொண்டே போய், நிழலைத் தாண்டி, வெயிலில், கால் நான்கும் மேலே தெரிய அதைக் கவிழ்த்துப் போட்டாள். வரதராசு சார் ஜன்னலில் தலையை நீட்டி, "ஏம்மா, யாரக் கேட்டு" என்றார். "ஒங்களக் கேட்டுத்தான் சார், போன மாசம்" என்றாள். மரத்தடியே சிரித்தது. அவரும் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். நான் குழாயைத் திறந்தபடி நின்றேன், முதலில் கொதிக்கிற தண்ணீர் வந்தது, அப்புறம் பச்சைத் தண்ணீர். அது நான் ஒரு மாதமாக உட்கார்ந்திருந்த பெஞ்சு. உட்காராமலேயே உட்கார்ந்திருந்தேன், என்ன பேசுவது என்றுகூட வைத்திருந்தேன், அப்பா ரசத்தைப் பற்றி, பினாயிலைப் பற்றி. கால் நாலும் ஆகாசத்தைப் பார்த்துக் கிடக்கிறது.

"கனி" என்று கூப்பிட்டாள். முகத்தில் தண்ணீர் சொட்டப் போய் நின்றேன். அமுக்கினாள். இந்தத் தடவை கத்தவில்லை. தொண்ணூற்றேழு சொச்சம் என்று எனக்கே தலைகீழாகத் தெரிந்தது. போ என்பாள் என்று நின்றேன். சொல்லவில்லை. துப்பாக்கியைத் தட்டினாள், மறுபடியும் நீட்டினாள், இந்தத் தடவை நெற்றிக்கு இல்லை, கழுத்துக்கு, காதுக்குக் கீழே. "சாப்ட்டியா" என்றாள், கத்தாமல். "ரெண்டு இட்லி." அமுக்கினாள். "மிஷின் மக்கர் பண்ணுது" என்று பின்னால் நிற்கிறவர்களுக்குக் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டு மூன்றாம் தடவை அதே இடத்தில் நீட்டினாள். தொடவில்லை. முனைக்கும் தோலுக்கும் நடுவில் ஒரு விரல் இடம். அமுக்கவும் இல்லை. அப்படியே பிடித்திருந்தாள். யோசித்தாள். "போர்டுகிட்ட வந்ததும் துண்ட எடுத்த" என்றாள். "அப்பருந்து பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்." பின்னால் யாரோ, "ஏம்மா, நாங்கள்லாம் மருந்து வாங்க வேண்டாமா" என்றார்கள். "அடுத்த ஆள்" என்றாள். உள்ளே போனேன், விரலில் குத்தினார்கள், என்ன புள்ள கண்ணெல்லாம் கலங்கிருக்கு வலிக்குதா என்று நர்ஸக்கா கேட்டது, ஆறு வருஷமாகக் குத்துகிற விரல், ஆமாக்கா என்றேன். மருந்தை ஈரத்துணி சுற்றிப் பையில் வைத்தேன். வெளியே போகிற வழி பின்பக்கம், வாசல் தெரியாது, "குழாய்க்குப் போங்க, தனித்தனியா நில்லுங்க" என்று குரல் மட்டும் கேட்டது. துண்டை நனைத்துத் தலையில் போட்டேன். பஸ் ஸ்டாண்டு தாண்டி, ரயில்வே கேட் தாண்டி, எங்கள் தெருக் கரண்ட் கம்பம் வரைக்கும் எடுக்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலிலிருந்து அவள் கண்ணுக்கு நான் எட்டமாட்டேன், அது எனக்கும் தெரியும். இருந்தாலும் எடுக்கவில்லை.